மாதத்துக்கு ஒரு கண்ணாடி

முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள் கடைக்காரி ட்ரூடி. கழற்றினேன். ஒரு முகக்கவசத்தை எடுத்து என் முகத்தில் அழுத்தி, பட்டையைப் பின்மண்டைக்கு இழுத்துவிட்டு, தலையை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன். "இப்ப மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு" என்றாள். மாட்டிக்கொண்டு மறுபடி ஆட்டினேன். யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவது மார்ச் மாதத்திலிருந்து எனக்குப் பழகிப்போயிருந்தது. பல் மருத்துவர் திறக்கச் சொன்னால் வாயைத் திறக்கிறேன், வக்கீல் விரலை வைத்துக் காட்டினால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அக்டோபர் மாத வியாழக்கிழமை மத்தியானம். சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் மைதானத்தை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகைக் கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்திருக்கும்.

நான் ப்ரெட்சல் என்கிற உப்பு முறுக்கு செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் இருக்கிறேன். ஓடும் பட்டையில் ஊர்ந்து வரும் ப்ரெட்சல்களில் உடைந்தவற்றைப் பொறுக்கி எடுத்துத் தொட்டியில் போடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக உடைந்ததை மட்டுமே பார்த்துப் பார்த்து, முழுசாக இருப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை. தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பவுலிங் ஆட அழைத்துப் போவார்கள். இந்த வருடம் ப்ரெண்டன் என்று ஒரு புது மேற்பார்வையாளன், இருபத்தாறு வயது, வாக்கெடுப்பு நடத்திப் பெயின்ட்பால் என்று முடிவு செய்துவிட்டான். வாடகைக்குக் கவசம் கிடைக்கும், ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் மூச்சுக்காற்றில் உள்ளே பனி படிந்து ஒன்றும் தெரியாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு வந்துவிடுவதே மேல் என்று தோன்றியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயின்ட்பால் பைத்தியம் பிடித்த ஒருவனோடு இருபத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. டுவெய்ன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் நாலு மணிக்குத் திரும்புவான். பின்கட்டில் பூட்ஸை உதறிவிட்டு, சமையலறைக்கு வந்து, வாயைத் திறக்காமல் கவசத்தை நீட்டுவான். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும். நான் அதை வாங்கி, கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீரைப் பீய்ச்சி, பழைய பனியன் துணியால் உள்ளும் புறமும் பளபளவென்று துடைத்து, ஆணியில் மாட்டுவேன். கடைசிப் பதினாறு வருடமாக இப்படி. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஒருநாள் வாங்கித் துடைத்தேன், அதுவே வழக்கமாகிவிட்டது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, "நமக்குள்ள பேச ஒண்ணும் இல்ல ரோண்டா. இப்படியே இருந்து என்ன செய்யப்போறோம்" என்றான். நான் சரி என்றேன். மறுநாள் வழக்கம்போல விளையாடிவிட்டு வந்து கவசத்தை நீட்டினான், நானும் துடைத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. வரும் புதன்கிழமை விவாகரத்துப் பத்திரத்தில் கடைசிக் கையெழுத்து. அழுதாயா என்று என் தங்கை ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் கேட்கிறாள், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த இருபத்தொரு வருடத்தில் அவன் என்னை ஒரு மனுஷியாக நினைத்தானா, இல்லை வீட்டோடு வந்த சாமானாகவா? தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும். கேட்டால் தோளைக் குலுக்குவான். அவன் அப்படித்தான்.

சனிக்கிழமைகளில் டுவெய்ன் அந்த மைதானத்தில் நடுவர் வேலை பார்க்கிறான். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற இடம் பாக்கலாம்" என்று ப்ரெண்டன் வந்து நெளிந்தான். எனக்கு என்ன சங்கடம் என்றேன்.

சுவரில் வரிசையாகத் தொங்கிய துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோளைப் பிடித்துத் திருப்பினாள் ட்ரூடி. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அப்போதே வாய் நீளம். புருஷனோடு சேர்ந்து இந்த மைதானத்தையும் கடையையும் நடத்துகிறாள்.

"உள்ள வந்ததும் எல்லாருக்கும் கண்ணு சுவத்துலதான் போவுது. துப்பாக்கி வாடகைக்கு எடுத்துக்க. அது சுட்டா போதும், முன்னாடி யாரு சுட்டதா இருந்தா என்ன. மூஞ்சி ஒன்னுதான் இருக்கு, அதுக்கு நல்லதா வாங்கு. நம்ம வயசுல மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கணும்ல."

"கையுறை வேணுமா?"

"தோட்டத்துக் கையுறை போதும். பழைய தொளதொளா மேல்சட்டை ரெண்டு, ஒன்னுமேல ஒன்னு. கழுத்துல ஒரு துண்டு. புதுசா ஆட வர்றவங்க ராணுவத்துக்குப் போற மாதிரி சாமான் வாங்குவாங்க, ரெண்டாவது வாரம் எல்லாம் பரண்ல கிடக்கும்."

முதல் கவசம் என் மூக்குக்கண்ணாடியைக் கன்னத்தில் அழுத்தியது. இரண்டாவது தாடையை இறுக்கியது. மூன்றாவதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். என் கட்டைவிரல்கள் தானாகப் போய் இரண்டு பக்கமும் இருந்த பள்ளங்களில் உட்கார்ந்தன. பிடியை அழுத்தி முன்கண்ணாடியைக் கழற்றினேன், திருப்பி மாட்டினேன், அது டக்கென்று உட்கார்ந்தது. ட்ரூடி புருவத்தைத் தூக்கினாள். டுவெய்னுடையதும் இதே ரகம். இதைத் தலையில் மாட்டிப் பார்த்ததே இல்லை, ஆனால் இருட்டில்கூடக் கழற்றி மாட்டுவேன். முகத்தில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

"நல்லது. இப்ப கேட்டுக்க. ஒன்னு, மைதானத்துக்குள்ள என்ன ஆனாலும் இதக் கழட்டக் கூடாது. ரெண்டு, குண்டு உடைஞ்சு பெயின்ட் ஒட்டினாத்தான் நீ அவுட்டு. பட்டுத் தெறிச்சுப் போனா கணக்குல இல்ல."

"முதுகுல பட்டா எப்படித் தெரியும்?"

"கையத் தூக்கி 'செக்'குனு கத்து. ரெஃப்ரி வந்து பாத்துச் சொல்வாரு. அவர் சொல்றதுதான். மூணாவது, இதான் முக்கியம். இந்தக் கண்ணாடி ரெண்டு அடுக்கு. உள்பக்கம் பனி படியாம இருக்க ஒரு பூச்சு பூசியிருக்கான். மெல்லிசு துணியால ஒத்தி எடுக்கணும், அவ்ளோதான். வீட்டு ஜன்னலுக்குப் போடற அந்த நீலத் தண்ணிய மட்டும் இதுமேல அடிச்சுடாத."

"அடிச்சா என்ன?"

"பூச்சு போயிடும், துடைச்ச இடத்துலெல்லாம் பனி படியும். அது கூடப் பரவால்ல. நாளாக நாளாக கண்ணாடியே சத்து கெட்டு நொறுங்கிப்போற மாதிரி ஆயிடும். குண்டு பட்டு உடைஞ்சா நேரா கண்ணுதான்."

நான் கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். "நான் பதினாறு வருஷமா அதாலதான் துடைச்சேன். ஒன்னும் ஆகல" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரே கண்ணாடியைப் பதினாறு வருடம் கீறல் விழாமல் வைத்திருந்தேன் என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது.

ட்ரூடி மெல்லுவதை நிறுத்தினாள். அவள் வாயில் எப்போதும் உலர்ந்த மான்கறித் துண்டு ஒன்று இருக்கும். "யாரோடத?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும் என்று முகத்தில் தெரிந்தது.

"டுவெய்னோடதுதான்."

அவள் பணப்பெட்டிக்குப் பின்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ரோண்டா, அவன் மாசத்துக்கு ஒரு கண்ணாடி வாங்குவான். இந்தக் கடையில வேற யாரும் அப்படி வாங்கினதில்ல. வருஷத்துக்கு ஒன்னு மாத்தினாலே பெரிசு. ஏன்டா, திங்கிறியான்னு கேட்டேன். வீட்டுல நாய் இருக்கு, அது கடிச்சிடுதுன்னான்."

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. எனக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது.

"நாய்க்கு எட்டாத எடத்துல வையேன்டான்னேன். வைக்கலாம், ஆனா அது பாவம், நாயித்துக்கிழமை ஆனா வாசல்லயே நிக்கும், அதுக்கிட்ட குடுத்தாத்தான் அதுக்குத் திருப்தின்னான். ரெண்டு அதட்டு அதட்டுன்னேன். சொல்லத்தான் மனசு வரலன்னான். நாங்கல்லாம் சிரிப்போம். அந்த நாய்க்கு எலும்பு வாங்கிக் குடுன்னு ஒரு கிறிஸ்மஸுக்கு எம் புருஷன் காசுகூடக் குடுத்தாரு." அவள் பேச்சை நிறுத்தினாள். "மார்ச்சுக்கு அப்புறம் அவன் வாங்க வரல. நாய் செத்துப்போச்சான்னு கேட்டேன். இல்ல, அது வேற வீட்டுல இருக்குன்னான். நீங்க பிரிஞ்சதும் நாய நீ வெச்சுக்கிட்டன்னு நெனச்சேன்."

"ஆமா. என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

ட்ரூடி சிரிக்கப் போனாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். நான் அங்கேயே நின்று அதை மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினாறு வருடம், மாதத்துக்கு ஒன்று. நான் துடைத்துக் கெடுத்ததை யாருக்கும் தெரியாமல் கழற்றி எறிந்துவிட்டு, புதிதை மாட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் என்னிடமே நீட்டியிருக்கிறான். உருளைக்கிழங்கு வேகும் சத்தத்தில் நான் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிரியம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தண்ணீர் வேண்டாம் ரோண்டா என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இதைச் சொல்லாதவன் இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டான்? என் சமையல், என் பேச்சு, நான் அவன் அம்மாவுக்கு எழுதும் கடிதங்கள், எல்லாவற்றையும் இப்படித்தான் பின்கட்டில் வைத்து மாற்றிக்கொண்டிருந்தானா? கோபமும் பிரியமும் எட்டத்தில் நின்றன. எதுவும் கிட்டே வரவில்லை.

"தனியா ஒரு கண்ணாடி குடு" என்றேன்.

"எதுக்கு? இது புதுசுதானே."

"பழக்கதோஷத்துல நான் கெடுத்துட்டா?"

அவள் ஒன்றை எடுத்து வைத்தாள். கதவு வரை வந்து, "சனிக்கிழம வரணும்னு கட்டாயம் இல்ல ரோண்டா" என்றாள். இலைகளை மிதித்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.

சனிக்கிழமை காலையில் நல்ல குளிர். நாங்கள் பதினெட்டுப் பேர் வலை கட்டிய தடுப்புக்கு வெளியே நின்றோம். டுவெய்ன் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் வந்தான். கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பிறகு விதிகளைச் சொல்ல ஆரம்பித்தான். வீட்டில் ஒரு வாரத்துக்கு ஆகும் பேச்சை ஐந்து நிமிடத்தில் பேசினான். நான் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வலைய தாண்டினதும் கவசம் மூஞ்சில இருக்கணும். கழட்டினா வெளிய. பட்டை அறுந்தா, கண்ணாடில விரிசல் விட்டா, கண்ணு தெரியாத அளவுக்குப் பனி படிஞ்சா, கைய தூக்கிட்டு வெளிய. அப்புறம் பேசிக்கலாம். எங்க அம்மாவே வந்தாலும் இதுதான்."

"உங்க பொண்டாட்டி வந்தா?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ப்ரெண்டன் தரையைப் பார்த்தான்.

"அவங்களுக்கும் இதுதான்" என்றான் டுவெய்ன்.

ஆட்டம் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புகளும் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களும் இருந்தன. நான் ஒரு பீப்பாயின் பின்னால் போய் முட்டி போட்டேன். நாலா பக்கமும் டப் டப் என்று சத்தம். மாவு பிசையும் பிரிவின் மர்லா, அறுபது வயது, என் கண்ணெதிரே ஒரு மேற்பார்வையாளனைத் துரத்திப் போய் தொடையில் சுட்டுவிட்டு, ஓவர்டைமுக்கு இது என்று கத்தினாள். நான் யாரையும் சுடவில்லை. யாரையும் சுட வேண்டும் என்று தோன்றவில்லை. புதுக் கண்ணாடி வழியே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஈர மரப்பட்டை, பலகையில் வழியும் ஆரஞ்சு நிறம், என் மூச்சு. பத்து நிமிடம் இருக்கும். முதுகில் ஏதோ தொட்டது. யாரோ கூப்பிடுவதற்காகத் தட்டிய மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை.

"ரோண்டா அவுட்டு" என்று மர்லா கத்தினாள். "இல்ல, தெறிச்சுப் போச்சு" என்று இன்னொரு குரல்.

எனக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கி, "செக்" என்றேன்.

டுவெய்ன் ஓடி வந்தான். "யாரும் சுடாதீங்க" என்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றான். அவன் சொல்லும்வரை நான் ஆட்டத்திலும் இல்லை, வெளியிலும் இல்லை. முதலில் முன்பக்கம் பார்த்தான், கைகள், முழங்கால். பிறகு என்னைச் சுற்றிப் பின்னால் போனான். என் கழுத்துத் துண்டை லேசாக ஒதுக்கினான். மார்ச்சுக்குப் பிறகு அவன் விரல் என்மேல் பட்டது அப்போதுதான். அவன் நின்றுகொண்டே இருந்தான். ஒரு முதுகைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

"பாத்தத சொல்லு. நாய்க்கதை எல்லாம் வேணாம்" என்றேன்.

மெதுவாகச் சுற்றி மறுபடி என் முன்னால் வந்தான். எங்கள் முகங்களுக்கு இடையில் ஒரு முழம்கூட இல்லை. அப்போதுதான் அவன் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே பனி படிந்திருந்தது. முழுக்கப் படியவில்லை. வலமிருந்து இடமாகப் பிறை பிறையாக, துணி போன வழியில் மட்டும் படிந்திருந்தது. இடது மூலையில், நான் எப்போதும் கட்டைவிரலைத் திருப்பும் இடத்தில், ஒரு சின்னச் சுழி. அது என் கை. கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் துடைத்துக் கொடுத்த கண்ணாடி. கோடுகளுக்கு நடுவில் மிச்சம் இருந்த தெளிவில் அவன் ஒரு கண் தெரிந்தது.

"இத மாத்தலியா?"

"இல்ல."

"உடைஞ்சா கண்ணு போயிடும்னு ட்ரூடி சொன்னா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

என்ன ரெஃப்ரி, நாங்க வீட்டுக்குப் போலாமா என்று யாரோ தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"எனக்குப் பட்டிருக்கா இல்லியா, அதையாவது சொல்லு."

"பட்டிருக்கு" என்றான். "நடு முதுகுல. நல்லா உடைஞ்சிருக்கு."

"வலிக்கவே இல்ல."

"குளிர்ல சில சமயம் தெரியாது. அப்புறம் வலிக்கும்."

அவுட்டானவர்கள் செய்வதுபோலத் துப்பாக்கிக் குழாயில் உறையை மாட்டி, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினேன். அவன் அங்கேயே நின்றிருந்தான்.

"கண்ணு தெரியாத அளவுக்குப் பனி படிஞ்சா வெளிய போகணும்னு நீதானே சொன்னே" என்றேன். "எங்க அம்மாவே வந்தாலும்னு."

அவன் விசிலை எடுத்து ஊதி, மேட்டில் நின்ற இன்னொரு நடுவருக்குக் கையைக் காட்டினான். அவர் தலையசைத்தார். டுவெய்ன் அடிபட்டவன்போலக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தான். இலைகளில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் கையைத் தூக்கியதை யாரோ பார்த்துக் கைதட்டினார்கள். என் முதுகில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வலைக்கு வெளியே மரப்பெஞ்சு இருந்தது. என் பை அதன் மேல் இருந்தது, உள்ளே அந்தத் தனிக் கண்ணாடி. நான் கவசத்தைக் கழற்றினேன். காற்று முகத்தில் பட்டது. அவனும் கழற்றினான். நெற்றியில் பட்டை அழுத்திய தடம், கண்ணைச் சுற்றி வியர்வை. என்னைப் பார்த்தான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் செய்வதுபோல, கவசத்தை என்னிடம் நீட்டினான்.

என் கை பாதி தூரம் போய்விட்டது. நிறுத்தி, இழுத்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.

கவசம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. வெளிக்காற்றில் பனி மெல்ல விலக, என் பிறைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அவன் கையைக் கீழே இறக்கவில்லை. எனக்கு முதுகில், சரியாக நடுவில், வலிக்க ஆரம்பித்தது.